அக்காவின் கைப்பேசிக்கு வந்த பத்தொன்பது எண்கள்

புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பதாக அத்தான் என் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் என்னிடம் சொல்லி, நானும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டேன். உன் முழங்கால் வலி குறைந்ததும், நீ வாங்கிய புது சோபா உங்கள் வாசற்கதவுக்குள் நுழைய மறுத்துக் கடைக்கே திரும்பிப் போனதும் அதே வழியில்தான் எனக்கு வந்து சேர்ந்தன. ஆகவே நல விசாரிப்பை நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. இது கடிதம், பேச்சு ஆகாது. அப்பா போனதிலிருந்து இந்த ஒன்றரை வருடமாக நாம் இருவரும் பேசிக்கொள்வதில்லை, சரி. எழுதிக்கொள்வதில்லை என்று நாம் எங்கும் முடிவு செய்யவில்லை.

திங்கட்கிழமை மதியத்திலிருந்து நேற்று இரவுச் சாப்பாட்டு நேரம் வரை உன் கைப்பேசிக்குப் பத்தொன்பது குறுஞ்செய்திகள் வந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க எண் ஒன்றும், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இருக்கும். அனுப்பியது திருடன் இல்லை, நான்தான். ஏன் அனுப்பினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் நான் உன்னிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பித்தேன் என்று முடித்து எழுத முடியாததற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெரு முனையில் உள்ள நூலகத்தில் பகுதி நேர உதவியாளர் வேண்டுமாம். மதியம் இரண்டிலிருந்து ஏழு வரை. கல்யாணத்துக்கு முன்னால் நான் படித்து முடித்துப் பெட்டியில் போட்ட அந்த நூலகப் பட்டயம்தான் தகுதி. வயது வரம்பு ஐம்பது. அறிவிப்பை நூலகக் கதவில் பார்த்தபோது, எனக்காகவே எவரோ ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. நூலகர் அம்மாள் நல்லவர். உள்ளே போய் விண்ணப்பத் தாள் கேட்டேன். தாளெல்லாம் இப்போது கிடையாதும்மா, எல்லாம் இணையத்தில்தான், அஞ்சு நிமிஷ வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போட்டுவிடுங்கள் என்றார். அவரைச் சுற்றி இருபதாயிரம் புத்தகம் இருந்தது, ஒரு வெள்ளைத் தாள் இல்லை.

திங்கட்கிழமை காலை இவர் கடைக்குக் கிளம்பியதும் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இது போன மாதம் வாங்கிய இரண்டாம் கை மடிக்கணினி. பழைய பெரிய கணினி ஒருநாள் புகைந்து அடங்கிவிட்டது. படிவத்தின் முதல் கேள்வி, கணினி இயக்கத் தெரியுமா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்று குறித்தேன். அந்த நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது. இரண்டாவது கேள்வி பெயர். பெயரில் என்ன தகராறு வரும் என்று நினைப்பாய். முதற்பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? ஒரே ஒரு தலைப்பெழுத்து. அதைப் போட்டால் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது. காலியாக விட்டால் சிவப்பாயிற்று. புள்ளி வைத்துப் பார்த்தேன், இரண்டு முறை அதே எழுத்தைப் போட்டுப் பார்த்தேன், கடைசியில் அப்பாவின் முழுப் பெயரையும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் வணக்கம் என்று போட்டு அப்பாவின் பெயர். என்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டேன் அக்கா. பார்த்துவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள், நீண்ட நேரம் செயலில் இல்லாததால் வெளியேற்றப்பட்டீர்கள் என்று சொல்லி முதற்கேள்விக்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. கணினி இயக்கத் தெரியுமா? கொஞ்சம் யோசித்து மறுபடி ஆம் போட்டேன்.

பிறகு புகைப்படம். வெள்ளைப் பின்னணி வேண்டும் என்றதால் மதியச் சாப்பாட்டுக்கு வந்த இவரைப் பிடித்து, குளிர்பெட்டியின் கதவோரம் நின்று எடுக்கச் சொன்னேன். இவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, முகத்தில் கண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாது. கண் அருமையாக விழுந்திருந்தது. தலைக்கு மேலே குளிர்பெட்டியின் கைப்பிடியும் விழுந்திருந்தது. அதைச் சரிசெய்து ஏற்றினால், அளவு ஐம்பது கேபிக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. சுருக்கி ஏற்றினால், இருபதுக்குக் கீழே போகக்கூடாது என்றது. ரொம்பவும் தெரியக்கூடாது, தெரியாமலும் இருக்கக்கூடாது. புதிதாக வந்த மருமகளிடம் மாமியார் எதிர்பார்க்கிற அளவு. ஆறாவது முறை ஏற்றியதில் பன்னிரண்டுக்கு வந்திருந்தேன். சோப்புத் தண்ணீரில் ஊறிய தபால்தலை மாதிரி ஒரு முகம். மருந்துக் கடைக்கு அடுத்த அச்சுக் கடைக்காரியிடம் ஓடினேன். அவள் இடது கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே வலது கையால் ஏதோ தட்டி, நாற்பத்தொன்றுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இதுக்கெல்லாமா அலையறீங்க, அஞ்சு நிமிஷ வேலைக்கா என்றாள். அங்கேயே அவளை விட்டே முழுப் படிவத்தையும் போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கணினி தெரியும் என்று குறித்துவிட்டு அடுத்தவளை விட்டுப் போடச் சொல்வது எனக்கு உறுத்தியது. இந்த நேர்மையை நான் அன்றைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தால் உனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். வாழ்த்துகள் என்று வந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு அனுப்பியிருக்கிறோம், அதைத் திறந்து உறுதி செய்தால்தான் விண்ணப்பம் செல்லும் என்றும் வந்தது. மின்னஞ்சல் என்றதும் எனக்குத் தெரிந்த ஒரே முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் மருத்துவமனைக் காரியங்களுக்காக நீ உன் அலுவலகத்தில் வைத்துத் திறந்தாயே, அது. ஒரு வீட்டுக்கு ஒரு குடை போதும் என்கிற மாதிரி அப்பா, நீ, நான் மூன்று பேருக்கும் அதையே வைத்துக்கொண்டோம். உலகத்தில் ஆளுக்கு நான்கு முகவரி வைத்திருக்கிறார்களாம், மூன்று பேருக்கு ஒன்று வைத்திருந்த குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். கடவுச்சொல் எனக்கு நினைவிருந்தது, போட்டேன். சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இது புதிய கணினி, நீங்கள் நீங்கள்தானா என்று தெரிய வேண்டும், ஆகவே கடைசியில் நாற்பத்தேழு என்று முடிகிற கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்புகிறோம் என்றது. முன்னால் இருந்த எட்டு எண்ணையும் நட்சத்திரம் போட்டு மறைத்திருந்தார்கள். எனக்கு அந்த நாற்பத்தேழு போதும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். எனக்குக் கிளம்பியது கூடப்பிறந்தவள்.

அதற்கு மேல் நான் செய்ததெல்லாம் உன்னைக் கேட்காமல் தப்பிப்பதற்காகச் செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்தேன். அதற்கு முன் மனிதப் பிறவிதான் என்று நிரூபிக்க, மிதிவண்டி இருக்கிற கட்டங்களை எல்லாம் தொடச் சொன்னது. மிதிக்கிறவனுடைய கால் மிதிவண்டியில் சேருமா சேராதா என்று எனக்கும் இவருக்கும் வாக்குவாதம். கால் இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்றார் இவர். நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அது எங்கள் இருவரையுமே மனிதர்கள் இல்லை என்று முடிவு செய்துவிட்டது. மூன்றாம் முறை பிழைத்து, புது மின்னஞ்சலோடு புதிய விண்ணப்பம் போட்டால், இந்த அடையாள எண்ணில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்று பதில். அந்த ஒருவர் நான்தான். உதவி எண்ணுக்குப் பேசினேன். இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பழைய மின்னஞ்சலை மாற்றிக் கொடுங்கள் என்றேன். மாத்தலாம் மேடம், பழைய மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு அனுப்பறேன், அதைத் திறந்து சம்மதம் குடுத்துடுங்க என்றாள். அதைத் திறக்க முடியாததால்தானே மாற்றச் சொல்கிறேன் என்றேன். புரியுது மேடம், திறந்து சம்மதம் குடுத்துட்டீங்கன்னா அப்புறம் நீங்க அதைத் திறக்கவே வேண்டாம் என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பழைய மின்னஞ்சலுக்குள் நுழையப் பார்த்த ஒவ்வொரு முறையும் உனக்கு ஓர் எண் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே, வேறு வழியில் முயல்க என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு கேள்வி கேட்டது. உங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் யார்? கேள்விக்குப் பதிலைக் கணக்குத் திறந்த அன்றைக்கே நீ போட்டு வைத்திருப்பாய். நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடம், உனக்கு நான்கு வருடம் பின்னால் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்தவள் நான், இதுகூடத் தெரியாதா என்று தொடங்கினேன். கணக்கு டீச்சர், இல்லை. உன்னைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பிய வரலாற்று சார், இல்லை. கோணல் வகிடு டீச்சர் என்று பெயர் வைத்தோமே, அவருடைய நிஜப் பெயரை அரை மணி நேரம் யோசித்துக் கண்டுபிடித்துப் போட்டேன், அவரும் இல்லை. ஐந்து முறைக்குப் பிறகு ஒரு மணி நேரம் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. உனக்கு யாரையெல்லாம் பிடிக்காது என்று ஒரு பட்டியல் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். யாரைப் பிடிக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்று நடந்ததற்கு அத்தானைக் கோபித்துக்கொள்ளாதே. அது முழுக்க என் வீட்டுக்காரரின் யோசனை. சகலைகள் இருவரும் நம் சண்டையால் ஒரு வேளைத் தேநீரைக்கூட இழந்ததில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதானே. நீ அலுவலகத்திலிருந்து வந்து குளிக்கப் போகிற நேரம் ஆறரை மணி என்றும், கைப்பேசியைச் சாப்பாட்டு அறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாய் என்றும் அத்தான்தான் தகவல் கொடுத்தார். அவர் தன் போனில் எங்களோடு இணைப்பில் இருக்க, ஆறு முப்பத்திரண்டுக்கு நான் பொத்தானை அழுத்தினேன். எண் வந்தது. ஆனால் உன் கைப்பேசி செய்தியின் முதல் வரியை மட்டும் காட்டிவிட்டு எண்ணை மறைத்துக்கொண்டதாம். திறக்க உன் விரல் வேண்டும். விரல் குளியலறையில் இருந்தது. அத்தான் தன் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, பத்தும் இல்லேம்மா, கால் விரல் வெச்சுப் பாக்கட்டுமா என்று கேட்டார். அதற்குள் நீ வெளியே வந்து, என் போனை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க என்று கேட்டதும், மணி பார்த்தேன் என்று அவர் சொன்னதும், நீ தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்தைக் காட்டியதும் எங்களுக்கு நேரடியாகக் கேட்டது. அவர் என் இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உன் குரலை அப்போதுதான் கேட்டேன். கொஞ்சம் கரகரப்பாகிவிட்டிருக்கிறது. சளி பிடித்திருக்கிறதா?

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு போன் போட்டு அக்காவைக் கேட்டால் அஞ்சு நிமிஷ வேலை என்று இவரும் சொல்கிறார். இவருக்குச் சுலபம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இருபத்து மூன்றாம் நாள் வராந்தாவில் நீ சொன்னது இவரிடம் சொல்லப்பட்டதல்ல. ராத்திரியும் நீயே இருந்துக்கோ, நீ வீட்ல சும்மாதானே இருக்கே என்றாய். இந்த ஒன்றரை வருடத்தில் அதற்கு நான் மனதுக்குள் எத்தனையோ பதில் தயாரித்திருக்கிறேன். எல்லாம் உன் வாயை அடைக்கிற பதில்கள். பாத்திரம் கழுவும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று. நூலகக் கதவில் அந்தத் தாளைப் பார்த்தபோதுகூட எனக்கு முதலில் தோன்றியது புத்தகம் இல்லை, சம்பளம் இல்லை, நீதான். வேலை கிடைத்துவிட்டது என்று அத்தான் வழியாக உன் காதுக்கு ஒருநாள் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் போட்ட விண்ணப்பம் உன் கையில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் நேர்மையாக இராது. அன்றைக்கு நான் பதிலுக்குச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. நீ விருந்தாளி மாதிரி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போ, நாற்காலி போட்டு வைக்கிறேன் என்றேன். நீ அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல், அழுதுவிட்டு வந்த நாள் அது என்று அத்தான் பிறகுதான் சொன்னார். அப்போது அப்பாவும் போய்விட்டிருந்தார், நாமும் பேச்சை நிறுத்தியிருந்தோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்தக் கடிதத்தை நாலு மணிக்குள் கூரியரில் கொடுத்தால் நாளை வியாழக்கிழமை காலை உனக்குக் கிடைத்துவிடும். நாளை மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நான் பொத்தானை அழுத்துவேன். எண் வந்ததும் என்னைக் கூப்பிட்டு ஆறு எண்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடு. ஹலோ சொல்ல வேண்டாம், சொன்னால் பேசியதாக ஆகிவிடும். நானும் சரி என்று சொல்ல மாட்டேன். எண்ணுக்குப் பத்து நிமிடம்தான் ஆயுள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று செய்தியில் போட்டிருப்பதை நீ அப்படியே கடைப்பிடிப்பாய் என்பது எனக்குத் தெரியும். சாலை காலியாக இருந்தாலும் பச்சை விளக்குக்குக் காத்து நிற்கிறவள் நீ. இந்த ஒருமுறை மட்டும் என்னை யாரோ என்று எடுத்துக்கொள்ளாதே.

அத்தானுக்கு என் வணக்கமும், விரல்களுக்கு என் நன்றியும். உன் முழங்கால் முழுக்கக் குணமாகட்டும், அடுத்த சோபா உன் வாசலுக்கு அடங்கியதாக அமையட்டும். பெரியவள் நீ, ஆசீர்வாதம் சொல்லாவிட்டாலும் ஆறு எண்களைச் சொல்.

இப்படிக்கு,
உன் பதிலை எதிர்பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்கிற,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையில் உன் முகவரியைப் பாதி எழுதியிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நீ. கடிதம் யாருக்கோ அவரே நேரில் வந்து நின்றுவிட்டால் மீதியை எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுகிற பழக்கத்தில் எழுதுகிறேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அப்பாவோட மெயில்ல எவனோ பூந்துட்டான்டி" என்பது. பேச்சை முதலில் தொடங்கியது நீ, இது எழுத்தில் இருக்கட்டும். பத்தொன்பது தடவை எவனோ முட்டிப் பார்த்திருக்கிறான், இது உன்னிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்ததாகச் சொன்னாய். "ஆனா கவலைப்படாதே, இன்னிக்குக் காலையில மொத்தக் கணக்கையும் மூடிட்டேன். இனி எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். நான் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டேன். நீ படித்து முடிக்கிற வரை வெளியே வரவில்லை. கொதித்த தேநீரையே திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். தேநீர் கசக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தாய்.

மூடிய கணக்கை முப்பது நாளுக்குள் மீட்கலாம் என்று நீதான் கண்டுபிடித்தாய். இருபதாவது எண் என் சாப்பாட்டு மேசை மேலேயே வந்தது. மின்னஞ்சல் திறந்தபோது உறுதி செய்யும் இணைப்பு காலாவதியாகியிருந்தது. புதிது கேட்டு, வரவழைத்து, திறந்து, அது கடைசியாகக் கேட்ட தொடர்பு எண்ணையும் அடித்து, நீ அனுப்பு என்பதை அழுத்தியபோது மணி ஐந்தேகால். உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, நேர்காணல் பற்றிய தகவல் மூன்று மாதத்துக்குள் நாற்பத்தேழு என்று முடியும் கைப்பேசிக்கு வரும் என்று திரையில் வந்தது. கை போன போக்கில் உன் எண்ணைப் போட்டிருக்கிறாய். மாற்று என்று பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருந்தது. நீ அதைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும்டி. வந்தா நான் போன் பண்றேன்" என்றாய்.

வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வரலைன்னா, வரலைன்னு சொல்ல வேண்டாமா? தினமும் பண்றேன்."